கோதுமையை விட்டபின் பதினான்கு மாதம்

1992 ஆகஸ்டில் என் வயிறு கெட்டது. 1995 ஆகஸ்டில்தான் சரியானது. இடையில் மூன்று வருடம். இந்த மூன்று வருடத்தையும் ஒரே வரியில் தாண்டிவிட்டு, "ஆண்டவர் தொட்டார், சுகமானேன்" என்று சொல்லிவிட்டு உட்காரும்படி சபையில் எனக்கு அன்பாகப் புத்தி சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஆண்டவர் தொட்டது உண்மை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லாவிட்டால் அது அவருக்கு மகிமை ஆகாது. ஆகவே, என்னோடு விசுவாசத்தில் இருக்கிறவர்களே, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

என் பெயர் மேரி கிரேஸ். போத்தனூரில் குடியிருக்கிறோம். என் கணவர் தாமஸுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. நான் ஒரு மில் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். எங்களுக்கு ஒரே மகள், ஜாய்ஸ். வயிறு கெட்டபோது அவளுக்கு நான்கு வயது.

முதலில் சாதாரண வயிற்றுப்போக்கு என்றுதான் நினைத்தோம். மாத்திரை போட்டேன், நின்றது, மறுபடி வந்தது. பிறகு நிற்கவே இல்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு உப்பி மேளம்போல ஆகிவிடும். வாயெல்லாம் புண். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் ஒன்றரை வருடத்தில் முப்பத்தேழு கிலோவுக்கு வந்தேன். ஜாய்ஸைத் தூக்க முடியவில்லை. "அம்மா, என்னைத் தூக்கு" என்று கையை நீட்டுவாள். நான் கீழே உட்கார்ந்து கட்டிப்பிடித்துக்கொள்வேன். அதோடு சரி.

மில்லில் எழுந்து எழுந்து ஓடுவேன். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. நான் இல்லாத நேரத்தில் போர்டில் அழைப்புகள் காத்துக்கிடக்கும். மேனேஜர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்குச் சம்பளம் போர்டு முன்னால உக்கார்றதுக்குங்களா, பாத்ரூம்ல உக்கார்றதுக்குங்களா?"

கோயமுத்தூர்க்காரர் அல்லவா, அவமானப்படுத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் அவமானப்படுத்தினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டேன்.

டாக்டர்களைப் பார்க்காமல் இருந்தோமா? ஐந்து பேரைப் பார்த்தோம். ஒருவர் பூச்சி என்றார். ஒருவர் அமீபா என்றார். ஒருவர் என்னிடம் ஒன்றுமே பேசாமல் என் கணவரைப் பார்த்து, "ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா? மனசு சரியில்லீன்னா வயித்தைத்தானுங்க பிடிக்கும்" என்றார். நான் அங்கேயே இருந்தேன். என் வயிற்றைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஐந்தில் மூன்று பேர் ஒரே புத்தியைச் சொன்னார்கள். "உடம்புல சத்தில்லீங்க. அரிசியைக் குறைச்சுப்போட்டு கோதுமையைச் சேர்த்துக்குங்க." நானும் கீழ்ப்படிந்தேன். காலையில் கோதுமை ரவைக் கஞ்சி. மதியம் சப்பாத்தி. சாயங்காலம் ரொட்டியைப் பாலில் தோய்த்து. என் கணவர் காலையில் எழுந்து தானே மாவு பிசைந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அவ்வளவு அன்பாக, அவ்வளவு சிரத்தையாக எனக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தோம். நான் தேயத் தேய இன்னும் இரண்டு சப்பாத்தி கூட்டினோம்.

சபையார் வந்து ஜெபித்தார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க மாட்டேன். ஆனால் வெறுங்கையோடு யார் வருவார்கள்? நோயாளி வீடு. ரொட்டி, ரஸ்க், பன். தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு ரஸ்க் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் நான் அதைச் சாப்பிடுவேன்.

1994 ஏப்ரலில் எங்கள் ஜெபக்குழு எனக்காக மூன்று நாள் உபவாசம் எடுத்தது. குழுவை நடத்துகிற அக்கா (பெயரை எழுதமாட்டேன், அவரும் இதை வாசிப்பார்) என்னையும் உபவாசம் இருக்கச் சொன்னார். தண்ணீரும் இளநீரும் மட்டும். மூன்றாம் நாள் என் வயிறு அமைதியாகிவிட்டது. ஒன்றரை வருடத்தில் முதல்முறை. அக்கா கையைத் தட்டிப் பாடினார். எனக்கும் கண்ணீர் வந்தது. நான்காம் நாள் காலையில் உபவாசம் முடித்து எல்லோருமாகச் சேமியா பாயசமும் பன்னும் சாப்பிட்டோம். மதியத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. முன்பைவிட மோசமாக.

அக்கா என்னைப் பார்த்து, "சுகம் வந்துச்சு கண்ணு. நீதான் காத்துக்கல. விசுவாசம் பத்தல. மனசுக்குள்ள எதையாச்சும் மறைச்சு வெச்சிருந்தா அறிக்கை பண்ணிப்போடு" என்றார்.

அன்று எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை இல்லை. முப்பத்தேழு கிலோ உடம்பு. எழுந்து நிற்கத் தெம்பில்லை. இதில் நான் பாவத்தை வேறு ஒளித்துவைத்திருக்கிறேனாம்! யோசித்துப் பார்த்தேன். ஒளித்துவைக்க இடம் எங்கே இருக்கிறது என் உடம்பில்? எல்லாம்தான் வெளியே போய்க்கொண்டிருக்கிறதே.

மே மாதம், ஒரு மத்தியானம், மில் பாத்ரூமில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. அங்கேயே ஜெபித்தேன். அழகான ஜெபம் அல்ல அது. "ஆண்டவரே, இனி உம்மிடம் சுகம் கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. என்னைக் கொல்லுவது எது என்றாவது சொல்லும். அதற்கு ஒரு பெயர் இருக்கும் அல்லவா? பெயரைச் சொல்லும். அதுகூட முடியாதா உம்மால்?" இப்படித்தான் கேட்டேன். ஆண்டவரிடம் இப்படிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் பேசினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த ஜெபத்திலிருந்து பதினோராம் நாள். அன்று எனக்கு லீவு. என் கணவருக்குச் சாப்பாடு கொண்டு போத்தனூர் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் தலை சுற்றியது. டிபன் கேரியர் கையிலிருந்து விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது பெஞ்சில் படுத்திருந்தேன். ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டுக்குப் போகிறவர். அவருடைய ரயில் மூன்று மணி நேரம் தாமதம். டாக்டர். பஞ்சாபில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் விழுந்த இடத்துக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தினமும் என்ன சாப்பிடறீங்க? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

ஐந்து டாக்டர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"அரிசிச் சாப்பாடு மட்டும் சாப்பிட்ட நாள் ஏதாவது உண்டா? இல்லே, ஒண்ணுமே சாப்பிடாத நாள்? அப்ப வயிறு எப்படி இருந்தது?"

உபவாசத்தைச் சொன்னேன். இளநீரைச் சொன்னேன். நான்காம் நாள் பன்னையும் சேமியாவையும் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, வடக்கே இந்த நோய் நான் நிறைய பார்த்திருக்கேன். கோதுமையில இருக்கிற ஒரு புரதம் சில பேர் குடலுக்கு ஆகாது. குடல் உள்ளே தேய்ஞ்சு போகும். நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் உடம்பில ஒட்டாது. சீலியாக் என்று பேர்."

பெயர். நான் கேட்டது அதைத்தான். அந்த பெஞ்சிலேயே விக்கி விக்கி அழுதேன். ஓடிவந்த என் கணவர் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துப் பயந்துபோனார்.

அந்த டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கடிதம் எழுதி, தன் பாலக்காட்டு விலாசத்தையும் தனியாகக் கொடுத்தார். சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தவேண்டாம் என்றும் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த வயிற்று டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோயுங்க. நம்ம அரிசிச் சாப்பாட்டு ஊர்ல எங்கீங்க வருது?"

என் கணவர் அதிர்ந்து பேசாதவர். அன்று பேசினார். "சார், எம் பொண்டாட்டி ரெண்டு வருசமா கோதுமையாத்தானுங்க தின்னுட்டு இருக்கறா. உங்களாட்டம் டாக்டருங்க சொல்லித்தானுங்க. சோதனையைப் பண்ணிப்போட்டு அப்புறம் சிரிங்க."

சோதனை நடந்தது. வாய் வழியாகக் குழாயை விட்டுக் குடலிலிருந்து துளி சதை எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. குளிக்கிற துண்டுபோல இழை இழையாக இருக்க வேண்டிய குடலின் உள்பக்கம், தேய்ந்து மொட்டையாக இருந்ததாம். அந்த டாக்டர் சிரிக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க அம்மா" என்றார். அவர் நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

1994 ஜூன் மாதம் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கோதுமையை விட்டேன். ரவை, மைதா, சேமியா, ரொட்டி, பார்லி, மால்ட் பானம், எல்லாம் வீட்டை விட்டு வெளியே போயின. மருந்தே இல்லாத வைத்தியம். இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் எழுந்து ஓடுவேன் என்று நினைத்தேன்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை.

பன்னிரண்டாம் நாள் போக்கு குறைந்தது. மூன்றாம் வாரம் உப்புசம் பாதியாகியது. உடனே சபையில் "சாட்சி சொல்லுங்க, சாட்சி சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் இன்னும் மாடிப்படியில் நான்காவது படியில் உட்காருகிற நிலையில்தான் இருந்தேன். "இன்னும் ஆகலீங்க" என்றேன். ஜெபக்குழு அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "வாயில அறிக்கை பண்ணுனாத்தான் கண்ணு நிறைவேறும்" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நின்று, "இன்னும் சரியாகலீங்களா?" என்று விசாரிப்பார்கள். அந்த 'இன்னும்' என்ற சொல் எனக்கு ஊசியாகக் குத்தும். இரண்டு வருடம் எரிந்த வீட்டை மூன்று வாரத்தில் கட்டிவிட முடியுமா?

நான்காம் மாதம் நிலைமை மறுபடி மோசமாகியது. வாய்ப்புண் திரும்பி வந்தது. உப்புசம் வந்தது. அக்டோபரில் நான் ஆண்டவரிடம் மறுபடி சண்டை போட்டேன். "நான் என் பங்கைச் செய்துவிட்டேன். ஒரு பிஸ்கட்கூடத் தொடவில்லை. நீர் உம்முடைய பங்கைச் செய்யும்."

பாலக்காட்டு டாக்டரம்மாவுக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. குடல் ஆற மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், பயப்படவேண்டாம் என்று எழுதியிருந்தார். ஆனால் ஆறிவந்தது திரும்பக் கெடுகிறது என்றால் எங்கேயோ கோதுமை ஒளிந்திருக்கிறது, சிறு துண்டுகூட ஆகாது, தேடுங்கள் என்றும் எழுதியிருந்தார்.

சிறு துண்டு. எனக்குப் புரிந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் அப்பத் துண்டை வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். அதைக் கோதுமை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. எண்ணுவதே பாவம் என்று பயந்தேன்.

போதகர் வீட்டுக்குப் போனேன். ஜெபக்குழு அக்காவும் அங்கே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் முந்திக்கொண்டார். "கர்த்தருடைய சரீரம் உனக்குக் கெடுதல் பண்ணுமா? என்ன பேச்சு கண்ணு இது?"

நான் வெடித்துவிட்டேன். "அக்கா, அவரு மேல எனக்குக் குறையில்லீங்க. மாவு மேலதானுங்க. அந்த மாவை அரைச்சது மில்லுல. பரலோகத்துல இல்லீங்க."

போதகர் ஐயா அக்காவைக் கையமர்த்தினார். பிறகு, "நீ கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கம்மா. அதுக்குள்ளயும் அவரு முழுசாத்தான் இருக்கறாரு. உன்னை நோகடிச்சு அவருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். நவம்பர் மாதத் திருவிருந்தில் அப்பத் தட்டு என்னிடம் வந்தபோது அவரே அதை அமைதியாகக் கடத்திவிட்டார். என்னைக் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. அந்த மனிதருக்காக இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஆனாலும் புண் ஆறவில்லை. மாதம் ஒரு துண்டு மட்டுமே காரணம் அல்ல என்று தெரிந்தது. "எங்கே இருக்கிறது என்று காட்டும்" என்று தினமும் கேட்டேன். அந்த மாதம் மளிகை வாங்க உக்கடத்துக்குப் போனேன். வருடக்கணக்காக ஒரே கடைதான். கடைக்காரர் பாய் என் சீட்டைப் படித்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, கோதுமை மாவு, ரவை, சேமியா ஒண்ணும் போடறதில்லீங்களே இப்பெல்லாம்? கடையை மாத்திட்டீங்களோ?"

காரணத்தைச் சொன்னேன். பரிதாபமாகக் கேட்டுக்கொண்டே சாமான்களை எடுத்துவைத்தார். பெருங்காய டப்பாவை எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, அப்ப இதை எடுக்காதீங்க."

"ஏனுங்க பாய்?"

"தனிக் காயம் அவ்வளவு காட்டமுங்க, யாரும் அப்படியே விக்கறதில்ல. இதுல மைதா மாவு கலந்துதான் வருது. கட்டியும் அப்படித்தானுங்க."

நான் கடை வாசலில் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சாம்பாரில் பெருங்காயம். ரசத்தில் பெருங்காயம். மோரில் பெருங்காயம். வயிற்றுக்கு நல்லது என்று ஒரு சிட்டிகை அதிகமாகவே போட்டு வந்தேன். ஐந்து மாதம்! ஒரு டாக்டருக்கும் தெரியவில்லை. பத்தியம் எழுதிக்கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. ஜெபக்குழுவுக்குத் தெரியவில்லை. மளிகைக்கடை பாய்க்குத் தெரிந்திருந்தது. ஆண்டவர் அவர் வாயில் பதிலை வைத்திருந்தார். அவர் அதை எனக்குச் சொல்ல, நான் என் நோயை வாய்விட்டுச் சொல்லவேண்டியிருந்தது.

"பூண்டு நசுக்கிப் போட்டு ரசம் வையுங்கம்மா. நானும் உங்களுக்காகத் துஆ கேக்கறேன்" என்றார் பாய். கேட்டிருப்பார். எனக்குச் சந்தேகமே இல்லை.

அதன்பிறகு இரண்டு வாரத்தில் வாய்ப்புண் ஆறியது. ஆனால் அயர்ச்சி போகவில்லை. டிசம்பரில் போகவில்லை. ஜனவரியில் போகவில்லை. பொங்கல் லீவில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, பல் விளக்கிவிட்டு மறுபடி படுத்தேன். பிப்ரவரியில் ரத்தம் கொஞ்சம் ஏறியது. மார்ச்சில் ஜாய்ஸுக்கு ஜடை பின்னும்போது கை வலிக்கவில்லை என்பதை ஜடை முடிந்தபிறகுதான் கவனித்தேன். நாளுக்கு நாள் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. மாதத்துக்கு மாதம் பார்த்தால் தெரியும். பாதியில் ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் அரிசி அப்பளம் என்று நம்பி எதையோ தின்று பத்து நாள் பின்னால் போனேன். மறுபடி எழுந்தேன்.

பதினான்காம் மாதம், 1995 ஆகஸ்ட். என் எடை நாற்பத்தொன்பது கிலோ. ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்தார்கள். குடல் ஆறிவிட்டது, இழைகள் முளைத்துவிட்டன என்று அந்த வயிற்று டாக்டரே பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். வெளியே வந்ததும் ஜாய்ஸைத் தூக்கினேன். அவளுக்கு ஏழு வயதாகியிருந்தது. கனமாக இருந்தாள். "இறக்கிவிடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று கூச்சப்பட்டாள். நான் இறக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டே போனேன்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். இதே கதையை, இதே கோபத்தோடு. சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் அழுதார்கள். ஜெபக்குழு அக்கா இன்றுவரை என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. மீதிப் பாதிக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் பல மாதம் ஆகும்போலிருக்கிறது.

ஆனால் நான் மாறிவிட்டேன். முன்பெல்லாம் ஜெபம் என்றால் விளக்குச் சுவிட்ச் என்று நினைத்திருந்தேன். தட்டினால் எரியவேண்டும். எரியாவிட்டால் யாருடைய தப்பு என்று தேடவேண்டும். ஆண்டவர் அப்படிச் செய்யவில்லை. பெயரைக் கேட்டேன், ஒரு ரயிலைத் தாமதமாக்கிப் பெயரைச் சொன்னார். ஒளிந்திருந்ததைக் காட்டும் என்றேன், மளிகைக்கடையில் காட்டினார். சுகத்தை மட்டும் ஒரே நாளில் தரவில்லை. ஒவ்வொரு இழையாக வளர்த்துத் தந்தார். உடனே தராததால் அவர் தரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. தாமதமானது என் பாவத்தால் என்று சொல்ல இனி யாரையும் விடவும் மாட்டேன்.

போன மாதம் காரமடையிலிருந்து ஒரு தங்கச்சி என்னைத் தேடி வந்தாள். நம் சபை அல்ல, நம் மார்க்கமும் அல்ல. அரங்கநாதரைக் கும்பிடுகிறவள். அதே ஆஸ்பத்திரியில் அதே பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மணிக்கட்டெல்லாம் எலும்பு. கோதுமையை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. என் சமையலறையில் உட்கார்ந்து பூண்டு ரசம் ஊற்றிச் சோறு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, எத்தனை நாளாகுமுங்க?"

"நாள் இல்லீங்க கண்ணு, மாசம். எனக்குப் பதினாலு ஆச்சு. உனக்குச் சீக்கிரமா ஆகட்டும். ஆனா ஆகும்."

அவள் தலையைக் கவிழ்த்து அழுதாள். "ஊட்ல எல்லாரும் மூணு வாரமாச்சே, இன்னும் என்னன்னு கேக்கறாங்கக்கா" என்றாள்.

வியாழக்கிழமைதோறும் அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவளுக்காக ஜெபியுங்கள். உங்களில் யாருக்காவது நோய்க்குப் பெயர் தெரியாவிட்டால் தைரியமாக ஆண்டவரிடம் கேளுங்கள், கோபமாகக் கேட்டாலும் தாங்கிக்கொள்வார். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள், சோறு போடுகிறேன். ஆனால் அவளை வாசலில் பார்த்தால், ஒரு உதவி செய்யுங்கள். இன்னும் சரியாகவில்லையா என்று கேட்காதீர்கள். "வா கண்ணு, உக்காரு" என்று மட்டும் சொல்லுங்கள்.